கனவில் கொடுத்த மாடு யார் கொட்டிலில்? திட்டக்குடி வட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கனவில் பாம்பு கடித்தால் என்ன, பல் விழுந்தால் என்ன, யானை துரத்தினால் என்ன என்பதற்கெல்லாம் தமிழில் பலன் எழுதி முடித்தாகிவிட்டது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் பெரிய எழுத்துப் புத்தகங்களும், பல்லி விழும் பலனோடு கனவுக்கும் பக்கம் ஒதுக்கும் பஞ்சாங்கங்களும் இந்தத் துறையில் ஓய்வில்லாமல் உழைத்திருக்கின்றன. ஆனால் கனவில் ஒருவர் தம் பொருளை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மட்டும் ஒரே வரியில் விடை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்: கொடுத்தால் நஷ்டம், வாங்கினால் லாபம். இது பலன் அல்ல, பெட்டிக்கடைக் கணக்கு. கொடுத்தது எது, யாருக்கு, எந்த நேரத்தில், மனமுவந்தா மனமில்லாமலா, எதிராளி வாங்கிக்கொண்டாரா, வாங்கும்போது திருப்பித் தருவதாகச் சொன்னாரா என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட இத்துறை அறிஞர்கள் கேட்கவில்லை. இதைத்தான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு இடைவெளி என்கிறார்கள். அதாவது, உலகத்தில் வேறு யாரும் கவலைப்படாத ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டு அதற்கு உதவித்தொகையும் பெறும் உரிமை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நெறிமுறை என்பதால் சொல்லிவிடுவோம். கனவில் கொடுத்தது கொடையாக வேண்டுமானால், வாங்கியவரும் அதே இரவில் அதே கனவைக் கண்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்றிய வழக்கு ஒன்றே ஒன்றுதான். அது நடந்த இடம் கடலூர் மாவட்டம், திட்டக்குடி வட்டம். (ஆதாரம்: பல்லி, வடக்குச் சுவர், ஒரு சொல்.)

முன்னோர் கொள்கைகளை மறுக்காமல் நம் கொள்கையை நிறுவ முடியாது. மறுத்தபின் நிறுவாமல் விட்டாலும் பட்டம் கிடைக்கும். முதலில் ஜாமக் கொள்கை. முன்னிரவில் கண்ட கனவு பலிக்க ஓராண்டு ஆகும், இரவு ஏற ஏறக் காத்திருப்பு குறையும், விடியற்காலைக் கனவு உடனே பலிக்கும் என்பது இதன் சாரம். பாம்புக்கும் யானைக்கும் இது பொருந்திப்போகலாம், அவற்றுக்கு அவசரம் இல்லை. கொடைக்குப் பொருந்தாது. படுத்தவுடன் கண்ட கனவில் சைக்கிளைக் கொடுத்தவருக்கு ஓராண்டு தவணை கிடைக்கிறது. அதே சைக்கிளை விடியற்காலையில் கொடுத்தவர் பால் பாக்கெட் வருவதற்குள் ஒப்படைத்தாக வேண்டும். ஒரே கொடையாளியைத் தூக்கம் வந்த நேரத்தை வைத்து இப்படி இருவிதமாக நடத்துவது எந்த நியாயத்திலும் சேராது. அடுத்தது எதிர்மறைக் கொள்கை. கனவில் செத்தால் ஆயுள் கெட்டி, கல்யாணம் கண்டால் துக்கம் என்று எல்லாவற்றையும் தலைகீழாகப் படிக்கும் முறை இது. இதன்படி பார்த்தால் கனவில் கொடுப்பது கைக்கு வரவாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் சாவைத் தலைகீழாகப் படிக்கும் அதே நூல் கொடையை மட்டும் நேராகப் படித்து நஷ்டம் என்கிறது. காரணம் ஆழமானதொன்றும் அல்ல. சாவு வரும் என்று நேராக எழுதினால் புத்தகம் விற்காது. நஷ்டம் வரும் என்று எழுதினால் பரிகாரம் விற்கும்.

இவ்விரு கொள்கைகளையும்விடச் சிக்கலானது, இதுவரை எவர் கண்ணிலும் படாத மூன்றாவது ஒன்று. அதை விளக்கு வைத்த பின் சிக்கல் என்று அழைக்கலாம். தமிழ் வீடுகளில் விளக்கு வைத்துவிட்டால் உப்பு, தயிர், ஊசி, பணம் எதுவும் வாசற்படி தாண்டாது. வெள்ளிக்கிழமையானால் பணம் பகலிலும் தாண்டாது. கனவோ பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறது. ஆகவே கனவில் கொடுக்கிறவர் யாராயினும் கொடுத்த கணத்திலேயே ஆசாரத்தை மீறியவர் ஆகிறார். கனவுக்குள் அப்போது உச்சிவெயில் அடித்துக்கொண்டிருந்தது என்று அவர் வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்றால், கணக்கில் கொள்ள வேண்டியது கனவுக்குள் இருக்கும் கடிகாரமே ஒழிய சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம் அல்ல என்றாகும். அப்படியானால் ஜாமக் கொள்கை அடியோடு சரிகிறது. ஏனென்றால் அது சுவர்க் கடிகாரத்தை நம்பி நிற்பது. வாதத்தை மறுத்துச் சுவர்க் கடிகாரத்தையே வைத்துக்கொண்டாலோ, ஜாமக் கொள்கை பிழைக்கிறது, ஆனால் ஊரில் ஒரு கொடையாளிகூட மிஞ்சுவதில்லை. ஒரே பஞ்சாங்கத்துக்குள் இரண்டு சாத்திரங்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டு கிடக்க, நாம் ஆண்டுதோறும் புதுப் பஞ்சாங்கம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். விதிவிலக்கு பெறக்கூடியவர்கள் இரு சாராரே. நெய்வேலியில் இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் ஒரு சாரார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சற்றே கண்ணயர்பவர்கள் இன்னொரு சாரார். இவர்கள் கனவில் தயிர் கொடுத்தால் ஆசாரக் குற்றம் இல்லை. ஆனால் மதியத் தூக்கத்தில் வருவது கனவா, சாப்பாடா என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. (முன் சொன்ன பல்லி, இம்முறை கிழக்குச் சுவர், டியூப்லைட்டுக்கு மேலே, இரண்டு சொல். இரண்டாம் சொல் பூச்சியைக் கவ்வும்போது வந்ததால் பாடபேதத்துக்கு இடமுண்டு.)

பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டாவிட்டால் ஆய்வாகாது என்பார்கள் என்பதால் அதையும் செய்துவிடுவோம். பணம் கொடுப்பதாகக் கண்டால் கடன்காரர் நினைவு. சோறு கொடுப்பதாகக் கண்டால் பசி. துணி கொடுப்பதாகக் கண்டால் தீபாவளி கிட்டத்தில் வந்துவிட்டது. வாக்குக் கொடுப்பதாகக் கண்டால் தேர்தல் வந்துவிட்டது. விருத்தாசலம் பக்கத்திலேயே இருப்பதால் இந்த வட்டாரத்தார் பீங்கான் ஜாடி கொடுப்பதாகக் கனவு காண வாய்ப்பு அதிகம். கை மாறும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கனவுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டு விழிப்பது நல்லது. இதற்குமேல் பொருளில் ஒன்றும் இல்லை.

மேல்நாட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்காமல் தமிழில் எதையும் நிறுவ முடியாது. சிக்மண்ட் ஃபிராய்டின் கனவு விளக்க நூல் 1899 நவம்பரில் கடைக்கு வந்தது, முகப்பில் 1900 என்று போட்டுக்கொண்டு. அச்சிட்ட 600 பிரதிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின என்பது தமிழ் எழுத்தாளர்களுக்குப் பெரிய ஆறுதல். பின்னர் 1917-இல் வந்த ஒரு கட்டுரையில் அவர், குழந்தை தன் பெற்றோருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் பரிசு தன் மலமே என்றும், மனத்தின் அடியில் மலமும் பணமும் பரிசும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன என்றும் எழுதினார். கனவில் மலத்தைக் கண்டால் பணம் வரும் என்று நம் திண்ணைகளில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஒருவர் சொன்னால் மூடநம்பிக்கை, இன்னொருவர் ஜெர்மன் மொழியில் எழுதினால் கோட்பாடு. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் விமானக் கட்டணம் மட்டுமே. ஃபிராய்டைவிட நமக்கு நெருங்கியவர்கள் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும். 1966-இல் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, கனவில் வரும் நட்புச் செயல்களைத் தரம் பிரித்து எண் கொடுக்கலாம். அதில் பரிசு கொடுப்பதும் தன் பொருளை இரவல் கொடுப்பதும் ஒரே வகுப்பு. ஏணி, குடை, இட்லிக் குண்டான், இன்னும் முக்கியமாகப் புத்தகம் ஆகியவற்றை இரவல் கொடுத்த எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்த வகைப்பாட்டைக் கண்ணீர் மல்க ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இருவர் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. நமக்குத் தேவையான முடிவு இதுதான்: இரவல் கனவும் கொடைக் கனவே, தனிப் பலன் தேட வேண்டாம்.

ஆனால் இவர்கள் எவரும் தொடாத இடம் ஒன்று உண்டு. கொடுப்பவரின் மனத்தையே குடைந்துகொண்டிருந்தார்களே தவிர, வாங்கினவர் என்ன ஆனார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதைப் பார்த்தவர்கள் சட்டம் எழுதியவர்கள்தாம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 122-ஆம் பிரிவில் தானம் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. பொருள் ஏற்கெனவே இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். தன்னிச்சையாகக் கொடுக்க வேண்டும். பிரதிபலன் கூடாது. வாங்குபவரோ அவர் சார்பில் ஒருவரோ, கொடுப்பவர் உயிரோடும் கொடுக்கும் திராணியோடும் இருக்கும்போதே, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்பதற்குள் வாங்குபவர் இறந்துபோனால் தானம் செல்லாது. அடுத்த பிரிவு, நிலம் வீடு என்றால் பதிவுப் பத்திரமும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் கேட்கிறது. அசையும் பொருள் என்றால் கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது. கனவுக்குப் போய்ச் சட்டமா என்று முகம் சுளிப்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். கொடுப்பவர் விழித்திருக்க வேண்டும் என்று அதில் எங்குமே சொல்லப்படவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்ததும் ஊரில் பாதிப் பேருடைய கவலை தீர்ந்துவிடுகிறது. இறந்துபோன பெரியப்பாவுக்குக் கனவில் வேட்டி கொடுத்துவிட்டோமே, அவர் நம்மைக் கூப்பிடுகிறாரோ என்று நடுங்குகிறவர்கள் இனி நடுங்க வேண்டியதில்லை. வாங்குபவர் உயிரோடு இல்லாததால் கொடை செல்லாது, வேட்டி பீரோவிலேயே இருக்கிறது. கனவில் மாடு கொடுத்தவர், தன்னிடம் மாடே இல்லாதவரானால், இல்லாத சொத்தைக் கொடுத்தவர்; அதுவும் செல்லாது. கனவில் கல்யாண வீட்டில் மொய் எழுதியவர் நிலையும் இதேதான். மொய் என்பது நோட்டில் ஏறித் திரும்ப வருவது, திரும்ப வரும் என்று தெரிந்தே கொடுப்பது. பிரான்சில் மார்செல் மோஸ் 1925-இல், கைம்மாறு எதிர்பாராத கொடை என்று எந்தச் சமூகத்திலும் ஒன்றில்லை என்று காட்டப் பசிபிக் தீவுகள் வரை சான்று தேடினார். பேராவூரணிப் பக்கம் ஆடி மாத மொய் விருந்து ஒன்றின் நோட்டைப் புரட்டியிருந்தால் பாதி நூல் மிச்சமாகியிருக்கும்.

இலக்கியச் சான்றுகளும் இந்தத் தேர்வில் தேறவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கனவுக்கென்று ஒரு காதையே இருப்பதால் எல்லோரும் அங்கேயே கூடாரம் போட்டுவிட்டார்கள். அடைக்கலக் காதையில் கோவலன் மாடலனிடம் சொல்லும் கனவில்தான் நம் பொருள் இருக்கிறது: மாதவி தன் மகள் மணிமேகலையைப் புத்தர் முன்னே கொடுத்துவிடுகிறாள். பின்னால் மணிமேகலை துறவு பூண்டாள், பலித்தது என்று துள்ளிக் குதிப்பதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கனவு கண்டவன் கொடுத்தவனும் அல்ல, வாங்கியவனும் அல்ல, மூன்றாம் ஆள். கொடுத்தவள் அன்று என்ன கனவு கண்டாள் என்று தெரியவில்லை. வாங்கியவரோ விழிப்பு அடைந்தவர். அவரும் தூங்கிக் கனவில் ஏற்றுக்கொண்டார் என்று சொன்னால் பௌத்தர்கள் சும்மா விட மாட்டார்கள். மேலும் மகள் சொத்தல்ல. அடுத்த சான்று அரிச்சந்திரன். வடநாட்டில் பாரதேந்து அரிச்சந்திரர் எழுதிய நாடகத்தில் அந்த அரசன் கனவில் பூமி முழுவதையும் தானம் செய்துவிட்டு, விழித்ததும் அதை மெய்யென்றே மதித்து நடக்கிறான். ஊர் உலகம் இதைச் சத்தியத்தின் உச்சம் என்று கொண்டாடுகிறது. பதிவுத்துறையின் நோக்கில் இது வெறும் முறைகேடு. பூமி அசையாச் சொத்து. பத்திரம் இல்லை, சாட்சிகள் இல்லை. அதோடு, சோதிக்க வந்த முனிவரே வாங்குபவராகவும் நிற்கும்போது தன்னிச்சைக்கு இடமேது? அன்று திட்டக்குடியில் ஒரு சார்பதிவாளர் இருந்து, சாட்சிகளைக் கூட்டி வாருங்கள் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மனைவி சந்திரமதி தப்பித்திருப்பாள்.

இனி நம் வழக்கு. வெள்ளாற்றங்கரையில், திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவட்டத்துறை. தேவாரம் பாடியவர்கள் காலத்தில் திருநெல்வாயில் அரத்துறை. சேக்கிழார் சொல்லும் வரலாறு இது. சிறுவரான ஞானசம்பந்தர் தில்லையிலிருந்து புறப்பட்டு, முதுகுன்றத்தையும் பெண்ணாகடத்துத் தூங்கானை மாடத்தையும் வணங்கிவிட்டு, தந்தையார் தோளிலும் ஏறாமல் நடந்தே அரத்துறைக்கு வருகிறார். கால் நோகிறது, பொழுது சாய்கிறது, மாறன்பாடியில் இரவு தங்குகிறார். அந்த இரவில் அரத்துறையில் உள்ளவர்கள் கனவில் இறைவன் தோன்றி, ஞானசம்பந்தன் வருகிறான், முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் முத்துச் சின்னங்களும் கோயிலில் இருக்கின்றன, எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள் என்கிறார். விடியும் வேளையில் எல்லோரும் கோயிலில் கூடி, ஒருவர் கண்டதையே மற்றவரும் கண்டிருப்பதை அறிந்து வியந்து, கதவைத் திறக்கிறார்கள். சிவிகை இருக்கிறது. இதற்கிடையே மாறன்பாடியில் சம்பந்தர் கனவிலும் இறைவன் தோன்றி, கொடுப்பதை ஏற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார். 122-ஆம் பிரிவை ஒரு கையிலும் பெரியபுராணத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தால் உடம்பு சிலிர்க்கும். பொருள் இருக்கிறது, கதவைத் திறந்து பார்த்தாயிற்று. தன்னிச்சை உண்டு, கேட்டு வாங்கியது அல்ல. பிரதிபலன் இல்லை. ஏற்பு உண்டு, அதுவும் கனவிலேயே, அதே இரவில். சாட்சிகள் ஊர் முழுக்க. அசையும் பொருள் என்பதால் பத்திரம் தேவையில்லை, தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்தார்கள். உலகில் கனவு காணப்பட்ட காலம் தொட்டு இவ்வளவு ஒழுங்கான ஒரு கொடை இன்னொன்று இல்லை. யானையைத் தூங்கவைத்த கோயில் பக்கத்திலேயே இருக்க, இது இந்த வட்டாரத்தில் நடந்ததில் வியப்பும் இல்லை. விழித்திருக்கும்போது கொடுப்பது இங்கே எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் பெண்ணாகடமே சான்று: கலிக்கம்ப நாயனார் அடியார்க்கு அமுது படைக்கும்போது, முன்பு வேலையாளாய் இருந்தவர்தானே என்று தண்ணீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கை வெட்டுப்பட்டது. (பல்லி, மேலது; நாள்காட்டியின் பின்புறத்திலிருந்து; வால் விழுந்து மீண்டும் முளைத்த, திருத்திய இரண்டாம் பதிப்பு.)

எதிர்வாதங்கள் வரும் என்பது தெரிந்ததே. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, பின்னால் வந்ததை வைத்து முன்னால் நடந்ததை அளக்கலாமா என்பார்கள். பின்னால் எழுதிய இலக்கணத்தைக் கொண்டு முன்னால் எழுதிய பாட்டைத் திருத்துவது தமிழாய்வில் என்றைக்கும் குற்றமாக இருந்ததில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? வழக்கறிஞர்கள் இன்னும் கூர்மையாக வருவார்கள். கோயில் மூர்த்திக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் தகுதி உண்டு என்பதை 1925-இல் பிரிவி கவுன்சில் வரை போய் உறுதி செய்தாயிற்று. ஆனால் நம் நீதிமன்றங்கள் அந்த மூர்த்தியை என்றும் வயது வராதவராகவே நடத்துகின்றன. வயது வராதவர் தானம் கொடுக்க முடியாதே என்பார்கள். விடை எளிது. சட்டம் வயது வராதவர் என்று சொல்வது கருவறையில் இருக்கும் மூர்த்தியை. கனவில் வந்து ஊராரை எழுப்பி வேலை வாங்குகிறவர் நிச்சயமாக வயது வந்தவர். வாங்கியவரோ உண்மையிலேயே சிறுவர் என்றால், தானம் ஏற்பதற்கு வயது தடையில்லை. சுமையோடு சேர்ந்த தானத்தை ஏற்கும் சிறுவரைப் பற்றி 127-ஆம் பிரிவு தனியாகவே பேசுகிறது. சிவிகையைவிடச் சுமையுள்ள தானம் வேறென்ன? வாங்கியவர் ஏறி உட்கார, சுமப்பது மற்றவர்கள். திருப்பூந்துருத்திக்குப் பக்கத்தில் அந்தச் சுமையைத் தாங்கியவர்களில் ஒருவர் அப்பர் என்று உள்ளே இருந்தவருக்கே பிறகுதான் தெரிந்தது. இன்னொரு சந்தேகம் அறநிலையத் துறையிலிருந்து வரலாம்: 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின் கோயில் பொருளை இப்படித் தூக்கிக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆணையருக்கும் செயல் அலுவலருக்கும் தக்காருக்கும் தணிக்கையாளருக்கும் ஒரே இரவில் ஒரே கனவு வர வேண்டும். அது சிவிகையைவிடப் பெரிய அற்புதமாக இருக்கும்.

அறிவியலார் பக்கம் ஒரு தடை இருக்கிறது. 1953-இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக அசையும் கட்டத்தைக் கண்டார்கள். மிகுதியான கனவுகள் அப்போதுதான் வருகின்றன, அப்போது கைகால் தசைகள் ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. கை அசையாதவர் எப்படிக் கொடுப்பார் என்று கேட்கலாம். அரத்துறையார் கனவில் கொடுக்கவே இல்லை என்பதைக் கேட்பவர்கள் கவனிக்கவில்லை. கனவில் வந்தது உத்தரவு மட்டும், கொடுத்தது விடிந்தபின். கை அசையும் நேரம் பார்த்துத்தான் இறைவன் வேலை வைத்திருக்கிறார். உத்தரவு என்றதும் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை நினைவுக்கு வரும். அங்கே முருகன் ஒரு பக்தர் கனவில் வந்து இன்ன பொருளை என் முன் வை என்பார். பக்தர் கோயிலுக்கு வந்து சொல்ல, பூக் கேட்டுச் சம்மதம் கிடைத்தால் அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு யாருக்காவது வரும்வரை அங்கேயே இருக்கும். கனவும் உண்டு, கொடையும் உண்டு, இது போட்டி வழக்கல்லவா என்று கொங்கு நாட்டார் கேட்பது நியாயம். ஆனால் அங்கே கேட்பவரும் வாங்குபவரும் ஒருவரே. ஏற்பு பூவின் மூலம், கனவின் மூலம் அல்ல. அரத்துறையில் கொடுத்தவர் இறைவன், ஊரார் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், வாங்கியவர் வேறொரு ஊரில் தூங்கிக்கொண்டிருந்த மூன்றாம் ஆள். சிவன்மலைப் பெட்டியிலிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. மண் வைத்தபின் நிலம் விலையேறியது, தண்ணீர் வைத்தபின் சுனாமி வந்தது என்று பெட்டிக்கு விளக்கம் சொல்வார்கள். விளக்கம் எப்போதும் சம்பவத்துக்குப் பிறகுதான் வரும். தண்ணீர் இருக்கும்போது மழை பெய்தாலும் பொருந்தும், பெய்யாவிட்டாலும் பொருந்தும். இந்த வசதி இல்லாமல் எந்த விளக்கவியலும் பிழைத்ததில்லை. பெட்டியைக் குறை சொல்லும் திறனாய்வாளர்கள் ஒரு கவிதைக்குத் தாங்கள் எழுதிய விளக்கங்களை எடுத்துப் பார்க்கட்டும்.

ஆகவே நடைமுறை. கனவில் பக்கத்து வீட்டாருக்கு எதையாவது கொடுத்தவர் காலையில் எழுந்து, ராத்திரி உங்களுக்கு ஒரு கறவை மாடு கொடுத்தேனே, வந்து சேர்ந்ததா என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் எதிராளிக்குக் கனவு தெரிந்துபோகும். பிறகு அவர் கண்டது கனவா, கேள்வியா என்று எந்த நீதிமன்றத்தாலும் பிரித்தறிய முடியாது. அரத்துறையாரும் முந்தைய மாலையே கூடிப் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று சொல்லக்கூடிய நாத்திகர்களுக்காகவே சேக்கிழார் அவர்களை விடியும் வேளையில் கூடவைத்தார் என்று தோன்றுகிறது. வாங்கியவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். கேளாமலே வந்து, மாட்டின் நிறம், கொம்பு, கன்று உண்டா இல்லையா என்பதைச் சரியாகச் சொன்னால் மாடு அவருக்கு. வாங்கியது சுத்தமானதுதானா என்று பரிசோதித்துப் பார்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு. விருத்தாசலத்தில் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது மாற்று உரைத்துப் பார்க்கத் தயங்கவில்லை. அன்று முழுவதும் யாரும் வந்து சொல்லவில்லையென்றால் கொடை காலாவதி. பலன் பார்க்கவும் வேண்டாம், பரிகாரம் செய்யவும் வேண்டாம்.

இந்த விதிகளின்படி கோரிக்கை வைக்க விரும்பும் திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் வட்டார வாசகர்கள் தங்கள் கனவைத் தேதி, நேரம், கொடுத்தவர் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளலாம். கனவில் அல்லாமல் கண் விழித்திருக்கும்போதே ஏணி, குடை, இட்லிக் குண்டான், புத்தகம் முதலியவற்றை இரவல் வாங்கிச் சென்றவர்கள், தனியாக ஒரு கனவு வரட்டும் என்று காத்திராமல், விளக்கு வைப்பதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.